வீட்ல கேட்டுச் சொல்லுதேன்

மாப்பிள்ளையூரணி மெக்கானிக் ஷெட்டின் சிமெண்ட் தரையில் காரின் இன்ஜின் எங்கள் வீட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. நீலக் கட்டம் போட்ட போர்வை. ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அது அலமாரியில் இல்லாமல் போனதுகூட எனக்குத் தெரியாது. என் கணவர் இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மெக்கானிக் அண்ணாச்சி போர்வையை விலக்கி, பிளாக்கின் பக்கவாட்டில் பென்சிலால் கிழித்ததுபோல ஓடிய வெடிப்பைக் காட்டினார். பார்த்தேன். அந்த நாட்களில் எதைக் காட்டினாலும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னை வரச்சொன்னது ஒரு முடிவு கேட்பதற்காக. வெடிப்பை உலோக ஆணி வைத்துத் தைத்து, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டுப் பழைய இன்ஜினையே மறுபடி எழுப்பலாம். இல்லையென்றால் அதை ஒதுக்கிவிட்டு இந்தக் காலத்து இன்ஜின் ஒன்றை வைக்கலாம். ஆனால் அது உட்கார வேண்டுமானால் காரின் அடித்தகட்டை வெட்ட வேண்டும்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். அதிகம் பேசமாட்டார். கல்யாணத்துக்கு முன்பே மலை எஸ்டேட் முதலாளி ஒருவரிடம் வாங்கிய கார் அது. இங்கிலாந்தில் செய்தது, இரண்டே இருக்கை, கான்வாஸ் கூரை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கீழவைப்பாருக்குப் போய் மீன் வாங்கி வருவோம். அவ்வளவு தூரம் போய் வாங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மகன் என் மடியில் இருப்பான். வளர்ந்து மடியில் கொள்ளாமல் போனான், பிறகு வெளிநாடு போனான். உப்புக் காற்று கதவுக் கொண்டியைக்கூட விட்டுவைக்காத ஊரில், அந்தக் காரில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. தினமும் நல்ல தண்ணீரில் துடைப்பார். நான் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

அவர் இறப்பதற்கு முந்தின வருஷம் மே மாதம், நாசரேத்திலிருந்து தம்பி போன் செய்தான். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே புறப்படு என்றான். நான் டாக்ஸி கூப்பிடச் சொன்னேன்.

"டாக்ஸி வாரதுக்குள்ள நாம போய்ச் சேந்துரலாம்" என்றார்.

பழையகாயலுக்கு முன்னால், உப்பளங்களுக்கு நடுவே, காரின் முன்புறத்திலிருந்து ஆவி கிளம்பியது. அவர் நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றோம். கடைசியில் ஒரு உப்பு லாரி ஏற்றிக்கொண்டது. நாசரேத்தில் எங்கள் தெருவில் நுழையும்போதே ஆலயத்தில் துக்க மணி விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. அம்மா கடைசிவரை என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

நான் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொறுமைசாலி என்று உறவில் பேசிக்கொண்டார்கள். சமைத்தேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன், மகனிடமிருந்து போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டேன். அந்த நாளைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. கார் ஷெட்டில் கிடக்கிறது என்று தெரியும். அதற்குமேல் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. பதினோரு மாதம் இப்படியே போயிற்று. ஒரு காலையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். அப்போதும் நான் அழவில்லை. வந்தவர்களுக்கு நானே காப்பி போட்டேன்.

"ஸார் சனிக்கிழமைதோறும் வருவாவ, டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "அந்த ஸ்டூல்ல உக்காந்து இன்ஜினயே பாத்துக்கிட்டு இருப்பாவ. தைக்கவா, மாத்தவான்னு நானும் கேப்பேன். வீட்ல கேட்டுச் சொல்லுதேன்னுட்டுப் போயிருவாவ. உங்ககிட்ட கேட்டாவளா?"

இல்லை என்றேன்.

அண்ணாச்சி கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் போகும் ஹோஸ் இற்றுப்போயிருக்கிறது, மாற்றிவிடுவோம் என்று அந்த மே மாதத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே தான் சொன்னதாகவும், ஸார்தான் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றுவிட்டதாகவும் மெல்லச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு, டீச்சர். சூடேறினதும் நிறுத்தியிருந்தா பிளாக் வெடிச்சிருக்காது. அது ஸாருக்குத் தெரியாததா? உங்களக் கொண்டு சேத்துரணும்னுதான் ஓட்டிருக்காவ."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். பரிதாபமாவது வரும் என்று நினைத்தேன். இரண்டும் வரவில்லை. ஷெட்டுக்கு வெளியே யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

"மாத்திருங்க, அண்ணாச்சி."

"வெட்டிட்டா பெறவு பழசாக்க முடியாது."

தெரியும் என்றேன்.

அன்று சாயங்காலம் மகன் போனில் வருத்தப்பட்டான். பழைய இன்ஜின் இல்லையென்றால் அது அப்பாவின் காரே இல்லை என்றான். நடுரோட்டில் நிற்காத காராக இருந்தால் எனக்குப் போதும் என்றேன். வழியில் கார் நின்ற கதையை நாங்கள் அவனுக்குச் சொன்னதில்லை. என் குரலில் என்ன இருந்ததோ, சாப்பிட்டாச்சாம்மா என்று கேட்டுவிட்டு அவன் போனை வைத்தான்.

வேலை முடிய மூன்று மாதமாயிற்று. ஆர்.டி.ஓ. ஆபீஸில் புது இன்ஜின் நம்பரை ஏற்றி வாங்கிய பிறகு, அண்ணாச்சியே வீட்டுக்கு ஓட்டிவந்து, ஓட்டிப் பார்ப்போம், ஏறுங்கள் என்றார். வழக்கம்போல இடது பக்கம் உட்கார்ந்தேன். பழையகாயல் தாண்டி, ஆற்றுப் பாலம்வரை போய்த் திரும்பினோம். சூடு காட்டும் முள்ளை நான் பார்த்துக்கொண்டே வந்தேன், அது அசையவில்லை. சத்தமும் பழைய சத்தம் இல்லை. கண்ணை மூடினால் வேறு யாருடைய காரிலோ போவது போலிருந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு அண்ணாச்சி ஆட்டோ பிடித்துப் போனார். நான் இறங்கவில்லை. என் கணவர் உட்காரும் வலது பக்க இருக்கை காலியாக இருந்தது.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்லா" என்றேன்.

சாவியை மடியில் வைத்துவிட்டு, "நானும் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

பிறகு இறங்கப் பார்த்தேன். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. உணர்வு திரும்பும்வரை கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.