மச்சான் மாற்றிய கம்பிகள்

எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த என் மச்சானை எல்லாரும் ‘கம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் அப்படி ஒல்லி. என் மனைவிக்குச் சொந்த அண்ணன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நானும் அவரும் ஒரே மேடைதான். நான் டிரம்ஸ், அதனால் எப்போதும் அவருக்குப் பின்னால். இருபத்திரண்டு வருடம் பார்த்ததில் அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

கம்பி வாங்க அவரோடு கடைக்குப் போவது பெரிய தொல்லை. எனக்குக் குச்சி வாங்க இரண்டு நிமிடம் போதும். அவருக்கு அரை நாள் வேண்டும். உறையைப் பிரிக்கக் கூடாது என்பார் கடைக்காரர். விரலால் தடவிப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்பார் இவர்.

“பொண்ணு பாக்கப் போனப்பகூட நீங்க இவ்ளோ நேரம் எடுத்துக்கல மச்சான்.”

“அவ என்னைச் சகிச்சுக்கிட்டா மாப்ள. இது சகிச்சுக்காது.”

அவரிடம் இருந்தது பழைய, கனமான பேஸ். கடையில் கிடைப்பதிலேயே தடித்த கம்பிகளைத்தான் அதில் மாட்டுவார். வைப்பதற்கு மரப்பெட்டி, அதற்கு மூன்று கொக்கிகள். நடுக் கொக்கி சரியான முரடு. இடது கைக் கட்டைவிரலால் ஒரே அழுத்தில் அதைத் திறப்பார். அந்த ‘டக்’ கேட்டால்தான் எங்களுக்கு ரிகர்சல் ஆரம்பித்த மாதிரி.

இரண்டு வருடத்துக்கு முன்பு திடீரென்று மெல்லிய கம்பிக்கு மாறினார். கேட்டதற்கு, “சத்தம் தெளிவா வருது” என்றார். உண்மைதான், தெளிவாக வந்தது. யாரும் மேலே கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள், கல்யாண மண்டபத்தின் பின்னறையில் அவர் குனிந்து ஏதோ செய்வதைப் பார்த்தேன். நடுக் கொக்கியை ஸ்பூன் காம்பால் நெம்பிக்கொண்டிருந்தார். இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

“என்ன மச்சான் இது?”

“துருப்பிடிச்சுடுச்சு மாப்ள.”

அவர் மேடைக்குப் போனதும் நான் அந்தக் கொக்கியை மூடித் திறந்து பார்த்தேன். துருவும் இல்லை, ஒன்றும் இல்லை.

அடுத்த வாரமே முதுகில் மாட்டும் துணிப்பையோடு வந்தார். பெட்டி படிக்கட்டில் இடிக்கிறதாம். அதற்கடுத்து ஒரு குட்டி பேஸ் வாங்கினார். கழுத்து நீளம் குறைவு, கம்பி தளர்வு, குழந்தை அழுத்தினாலும் அழுந்தும். “இப்ப எல்லாரும் சின்னதுக்குத்தான் மாறுறாங்க” என்றார். பழையதைப் பெட்டியோடு என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார், தன் வீட்டில் இடமில்லை என்று. அவர் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் சரியான காரணம். அதனால்தான் மற்றவர்கள் ஏமாந்தார்கள்.

எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது, கொக்கியால் மட்டும் அல்ல. மேடையில் டிரம்ஸ் பெடலை மிதிக்கும் என் காலும் அவர் விரலும் ஒன்றாக விழ வேண்டும். கேட்பவனுக்கு அங்கே இரண்டு கருவி இருப்பதே தெரியக் கூடாது. அத்தனை வருடம் அப்படித்தான் விழுந்தன. இப்போது அவர் ஒரு மயிரிழை பின்னால் வந்தார். இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

நான் என் காலைத் தாமதப்படுத்தினேன். அவர் வரும்வரை நின்று, அவரோடு சேர்ந்து மிதித்தேன். முதலில் ஒரு பாட்டில், பிறகு எல்லாப் பாட்டிலும்.

நேராகச் சொல்லியிருக்கலாம். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். என் மனைவியே ஒரு நாள், “அண்ணன் ஏன் சாப்புடுறப்பகூட தம்ளரை வலது கையிலயே புடிக்கிறாரு?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று கூசாமல் பொய் சொன்னேன். வாசிக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டால் அந்த மனிதருக்கு வேறு என்ன தெரியும்? சமைக்கத் தெரியாது, வண்டி ஓட்டத் தெரியாது, நாலு பேரிடம் பேசக்கூடத் தெரியாது. எனக்குப் பயம். அதற்கு வேறு பெயர் வைக்க விரும்பவில்லை.

ஞாயிறு மதியங்களில் ஒரு ஹோட்டலில் நடனத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தோம். ஆடுகிறவர்களுக்குக் கால் தடுமாறுகிறது என்று மேனேஜரிடம் புகார் போனது. கார் மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால் எங்கள் ரிகர்சல் அறை. அங்கே எங்களை உட்கார வைத்தார் மாஸ்டர். கீபோர்டு வாசிப்பவர், குழுவும் அவருடையதுதான்.

“வேகம் படுத்துடுச்சுப்பா. டிரம்ஸ் இழுக்குது” என்றார். பிறகு மச்சானைப் பார்த்தார். “நீதான் பக்கத்துல நிக்கிறவன். நீயே சொல்லு கம்பி.”

மச்சான் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே இருந்தார். தன் கையைப் பற்றிச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

“மாப்ள கொஞ்சம் இழுக்குறான்தான்” என்றார். “நானும் ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. குச்சிகளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். புது டிரம்மர் அவருக்காகக் காத்திருக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். படட்டும், அப்போது புரியும் என்று நினைத்தேன். அந்த மௌனத்தில் பாசம் பாதி, வன்மம் பாதி.

புது ஆள் வந்த முதல் ஞாயிறு, மூன்றாவது பாட்டிலேயே மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டாராம். டிரம்ஸ் கடிகாரம் மாதிரி போக, பின்னால் தனியாகத் தடுக்கித் தடுக்கி வந்திருக்கிறது பேஸ். ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மச்சான் என் வீட்டுக்கு வந்தார். தோளில் பை இல்லை. என் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எத்தன நாளா எனக்காக நின்னுக்கிட்டு இருந்த?”

“ஒன்றர வருஷம்.”

“எனக்குத் தெரியவே இல்லடா. சத்தியமா நீதான் இழுக்குறேன்னு நெனச்சேன். வயசாகுது, சோம்பேறி ஆயிட்டான்னு நெனச்சேன்.” இடது கையை மடியில் புரட்டிப் போட்டார். “ஒன்னத்தான் சொன்னேன். அவங்க முன்னாடி ஒன்னத்தான் காட்டிக் குடுத்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. தன் கை மரத்ததை எல்லாரிடமும் மறைத்தவருக்கு, தான் பின்னால் வந்தது உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை. நான் தெரியவிடவில்லை. பாட்டுக்குப் பாட்டு அவர் சரியாக வாசிப்பதாக அவரை நம்ப வைத்தவன் நான்தான். அந்த ஒன்றரை வருடத்தில் ஒரு டாக்டர் பார்த்திருந்தால் கை தேறியிருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. நினைக்காத நாள் இல்லை.

“தப்பு என்னோடதும்தான் மச்சான்” என்றேன்.

அவர் கட்டிலைக் காட்டினார். “அத எடு.”

பெட்டியை இழுத்தேன். நடுக் கொக்கியை நான்தான் திறந்தேன். பழைய பேஸை அவர் மடியில் வைத்தேன். மெல்லியதைக் கழற்றி, பழைய தடித்த கம்பிகளையே மறுபடி மாட்டி வைத்திருந்தார். இடது கையால் அழுத்தினார். முகம் சுருங்கியது. வலது கையால் மீட்டினார். வந்தது இசையே இல்லை, வெறும் தட்டல்.

“நீ அழுத்து” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொன்ன இடத்தில் என் விரல்களை வைத்தேன். கம்பி தோலை அறுத்தது. “இன்னும் நல்லா. இப்ப மூணாவது கட்டம். இப்ப அஞ்சாவது.” அவர் வலது கை பழைய வேகத்தில் போனது, அதில் ஒரு குறையும் இல்லை. என் விரல்தான் தடுமாறி, அவருக்குப் பின்னால் ஓடியது.

மீட்டுவதை நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“இழுக்குறியே மாப்ள” என்றார். அடுத்த தடவை எனக்காக ஒரு கணம் நின்று, பிறகு மீட்டினார்.