எழுத்துக்குப் பின்னால் ஓர் ஓடை

கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் போடவிருந்த ஒரு ரோட்டுக்கு நான்தான் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டேன். கோட்டின் மேல் எழுத்து விழுந்தால் படிக்க முடியாது. அதனால் எழுத்துக்குப் பின்னால் வெள்ளைக் கட்டம் வைத்துக் கோட்டை மறைத்துவிடுவோம். அன்று 'மிளகுத் தோட்டம்' என்று எழுதி, அதற்கும் அப்படியே வைத்தேன். ரோட்டைக் கடக்கும் சின்ன ஓடையின் கோடு அதற்குள் மறைந்தே போனது. படம் சுத்தமாக இருக்கிறதென்று இன்ஜினியர் பாராட்டினார்.

தண்ணீர் போகக் குழாய் வைக்காமலே ரோடு போட்டார்கள். முதல் பெருமழையில் ஓடை தோட்டத்துக்குள் திரும்பிவிட்டது.

மறுபடி அளக்கப் போனவர்களோடு நானும் மலையேறினேன். தோட்டக்காரர் சேற்றில் கிடந்த மிளகுக்கொடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"படத்துலயே ஓடை இல்லையாமுங்க. படம் போட்டவங்களச் சொல்லி என்னங்க பண்றது? கீழ ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கு இங்க ஓடை இருக்குதுன்னு எப்படிங்க தெரியும்?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

முதல்முறை அளந்தவர்கள் குறித்துக் கொடுத்த அந்த ஓடையை நீலக் கோடாக வரைந்ததே நான்தான்.

இப்போதெல்லாம் எழுத்தை ஓரமாகத் தள்ளி வைக்கிறேன். அந்த 'ஆமாங்க'வை எங்கே தள்ளி வைப்பதென்றுதான் தெரியவில்லை.