பெட்டியில் இல்லாத டேவிட்

ஹைதராபாத் மௌலா அலியில் எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு சட்டம். தபால் பெட்டியில் வீட்டுக்கு ஒரு சர்நேம்தான் இருக்கவேண்டும். தமிழர்களான நமக்கு ஏது சர்நேம்? அவரவருக்கு அவரவர் அப்பா பெயர். எங்கள் 203-இல் மாமனார் பெயரை எழுதினோம்: செல்லையா.

இன்று காலை துணி காயப்போடும்போது கேட்டில் ஒரே சத்தம். என் பாஸ்போர்ட்டோடு தபால்காரம்மா நிற்கிறார். வாட்ச்மேன் பெட்டியைக் காட்டி மறிக்கிறார்.

“ஸ்டெல்லா டேவிட்டா? 203-ல டேவிட் கோயி நை. வாபஸ் பேஜ் தோ.” அப்படி யாரும் இல்லை, திருப்பி அனுப்பு என்கிறார்.

டேவிட் என் அப்பா. அடுத்த வாரம் கொழும்பில் தம்பி கல்யாணம். பாஸ்போர்ட் திரும்பிப் போனால் எனக்குக் கல்யாணம் போட்டோவில்தான். ஈரக் கையோடு இரண்டு மாடி இறங்கி ஓடினேன்.

அதற்குள் அந்த அம்மாவே தெலுங்கில் வெளுத்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பெட்டியில செல்லையாவுக்கும் போடுறேன். அவரு பேத்திக்கு அவ அப்பா பேரு ஜான்னு வருது, அதையும் போடுறேன். ஒரே வீட்டுல ஆளுக்கொரு சர்நேம் இருந்தா அது தமிழ் வீடுய்யா! டேவிட்டும் இங்கதான். கூப்பிடு அந்தம்மாவ!”

ஆதாரைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் கையிலேயே கொடுத்தார். மோர் கொண்டுவந்து கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். மகராசி, நன்றாக இருக்கட்டும்.

உடனே பெட்டியில் மூன்று பெயரையும் எழுதி ஒட்டிவிட்டேன். செகரட்டரி குரூப்பில் விளக்கம் கேட்கிறார்.

பதில் எழுதும் முன் ஒரு கணக்கெடுப்பு. ஹைதராபாத் தமிழ் மக்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் எத்தனை அப்பாக்கள்?