ஒரே ஓட்டக்காரன்

ஃபிஜித் தீவில் எங்கள் நந்ரோங்காவில் சைலோசியைவிட வேகமாக ஓடியவன் அந்த நாளில் யாருமில்லை. பந்து கைக்கு வந்ததென்றால் முடிந்தது கதை. துரத்துகிறவன் பாதியிலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவான். ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. அந்தப் பாழாய்ப்போன பாசம்தான் அவனைக் கெடுத்தது என்றால் எங்கள் ஊரில் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

எழுவர் ரக்பியில் அவனை முதலில் இறக்கவே மாட்டார்கள். கடைசி இரண்டு நிமிஷத்தில், எல்லாருக்கும் நாக்குத் தள்ளும்போதுதான் அனுப்புவார்கள். ஒரே ஓட்டம், கோப்பை நமக்கு. மற்றவர்கள் சிங்கதோகா மணல்மேட்டில் வாரம் முழுக்க ஏறி இறங்கி வாந்தி எடுப்பார்கள். சைலோசி கீழே உட்கார்ந்து அவர்கள் சட்டைகளுக்குக் காவலிருப்பான்.

"மச்சான், ஒரு தடவை ஏறித்தான் பாரேன்டா," என்பான் அவன் அத்தை மகன் நெமானி. ஆள் மலை மாதிரி; பெரிய வேகமில்லை, ஆனால் சளைக்கமாட்டான்.

"மாடுங்க ஏறட்டும். குதிரைக்கு எதுக்குடா மணல்?"

"அவன விடுங்கடா, கால் வீணாப்போயிடும்," என்று ஊர்த்தலைவரும் அதட்டுவார்.

இருபத்தொன்பது வயதில் தேசிய அணித் தேர்வுக்கு இருவரையும் தலைநகர் சுவாவுக்குக் கூப்பிட்டார்கள். முப்பது தாண்டினால் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். இதைவிட்டால் கரும்பு வெட்டுதான்.

அங்கே வைத்த சோதனை எளிது: கோட்டிலிருந்து கோட்டுக்குப் பாய வேண்டும், கொஞ்சம் மூச்சு விட்டதும் மறுபடி பாய வேண்டும். விசில் ஊதி நிறுத்தும்வரை இதேதான். முதல் பாய்ச்சலில் சைலோசி ஓடிய வேகத்தைப் பார்த்து கோச் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவதில் நெஞ்சு எரிந்தது. அதற்கப்புறம் கால் கல்லாகிவிட்டது. தடியன்களெல்லாம் அவனைத் தாண்டிப் போனார்கள். நெமானியும் தாண்டினான், திரும்பிப் பார்த்தான், வேகத்தைக் குறைத்து அவன் பக்கத்தில் வந்தான்.

"வாடா மச்சான், விட்டுடாத. இன்னும் கொஞ்சம்தான்."

"போடா… நீ போ…"

நெமானி போகவில்லை. விசில் ஊதும்வரை அவனோடேயே ஓடினான்.

சாயங்காலம் கோச் இருவரையும் அழைத்தார். "வேகம் கடவுள் குடுத்தது, தம்பி. ஆனா ஒரு தடவை ஓடிட்டு அடுத்ததுக்குள்ள மூச்சு திரும்பணுமே! அது வருஷக்கணக்கா நெடுந்தூரம் ஓடி ஓடிச் சேர்க்கிறது. உன்கிட்ட அது இல்ல." பிறகு நெமானியைப் பார்த்தார். "நீ நல்லாத்தானே வந்த? கடைசியில ஏன் பின்தங்கிட்ட?"

"களைச்சுட்டேன் சார்."

"பொய் சார்!" என்று சைலோசி கத்தினான். "எனக்காகத்தான் மெதுவா ஓடினான்!"

"நாளைக்கு மேட்ச்லயும் இதையே செய்வான். ரெண்டு பேரும் ஊருக்குப் போங்க."

பஸ்ஸில் நெமானி அவன் தோளை இடித்தான். "குதிரைகூட ஓடினேன்னு ஊர்ல பீத்திக்குவேன்டா," என்று சிரிக்கப் பார்த்தான். சைலோசி முகத்தை மூடிக்கொண்டு விக்கி விக்கி அழுதான். திங்கட்கிழமை இருவரும் கரும்பு வெட்டப் போனார்கள்.