கிணற்றில் கால் பங்கு

நாகூர் மீரான் உக்கடத்துக்காரர். இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதிவந்தார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி அவர் மேஜை. அவர் எழுதிய பத்திரம் எதுவும் கோர்ட் படி ஏறியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

1994 தை மாதத்தில் தம்பிதுரை வந்தார். அப்பா சொந்தமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்த மூன்று ஏக்கரை விற்க வேண்டும். அம்மாவும் இல்லை. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் பையில் இருந்தன. வாரிசுச் சான்றிதழைப் படித்த மீரான் பேனாவை மூடினார்.

"உங்க தங்கச்சி குழந்தையம்மாள் பேரும் இருக்குதுங்களே. அவங்களும் கையெழுத்துப் போடோணுமுங்க."

"கட்டிக் குடுத்தாச்சுங்க பாய். பேசியே ஒம்பது வருசமாச்சு. அவ இல்லாம எழுதிப்போடுங்களேன்."

"வாங்குறவருக்கு நாளைக்கு வம்புங்க. நான் எழுத மாட்டனுங்க."

தம்பிதுரை பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாலாம் நாள் திரும்பி வந்தார். "நான் போனா மூஞ்சி குடுக்க மாட்டா. நீங்க ஒரு எட்டு வாரீங்களா?"

இருவரும் தாராபுரத்துக்கு பஸ் ஏறினார்கள். குழந்தையம்மாள் மீரானுக்கு மோர் கொடுத்தாள். அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

"இதுல எனக்கு என்னங்க பாத்தியம்?" என்று கேட்டாள்.

"சரிபாதி உங்களுதுங்க, அம்மணி."

அவள் அப்போதுதான் அண்ணனைப் பார்த்தாள். தம்பிதுரை தலையாட்டினார்.

மீரான் தாம் எழுதி வந்திருந்த கிரயப் பத்திர நகலை நிதானமாகப் படித்துக் காட்டினார். நான்கு எல்லையும் முடிந்தபோது அவள் குறுக்கிட்டாள்.

"கெணத்தைக் காணமுங்களே. பெரியப்பா தோட்டத்துக் கெணத்துல நமக்குக் கால் பங்கு. வாரத்துல ரெண்டு நாள் தண்ணி."

தம்பிதுரைக்கு நினைவில்லை. மீரான் மூலப்பத்திரத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில், மங்கிப்போன மையில் ஒரே வரி இருந்தது. அவருக்குக் காது சிவந்தது.

"நானே தவற உட்டுப்போட்டனுங்க, அம்மணி."

"அண்ணனுக்கு அந்தக் காலத்துலயே எதையும் கடைசி வரைக்கும் படிக்கப் பொறுமை கெடையாது" என்றாள் குழந்தையம்மாள். தம்பிதுரை சிரித்துவிட்டார்.

பதிவு நாளன்று முதலில் தங்கை கையெழுத்திட்டாள், அடுத்து அண்ணன். வாங்கிய கதிர்வேலுக்குத் தண்ணீரும் சேர்ந்து வந்ததில் முகமெல்லாம் சிரிப்பு. சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போக வேண்டும் என்று தம்பிதுரை வற்புறுத்த, பஸ் போய்விடும் என்று அவள் மறுக்க, இருவரும் பேசிக்கொண்டே தெருவைக் கடந்தார்கள். மீரான் அவர்கள் ஓட்டலுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு, ஒரு டீ சொன்னார்.