பிராங்க்ளின் கவுண்டி: நான் பாடமாக்கிப் போன ஊர்

இந்த நேரத்தில் அமெரிக்காவுக்குப் போகலாமா என்று எழுதிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கடந்த சித்திரைக் கடைசியில், அதாவது ஏப்ரல் முடிவில், நானும் என்னவரும் நியூயோர்க் மாநிலத்தின் வடக்கு விளிம்பில் இருக்கும் பிராங்க்ளின் கவுண்டிக்குப் போய் முப்பத்தொரு நாள் இருந்துவிட்டு வந்தோம். கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டம் மாதிரி. மொன்றியலில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழமையாக எங்கே சாப்பிடுவது, எங்கே காரை விடுவது என்றுதான் எழுதுவேன். இந்த முறை ஒரு வெட்கக்கேடும் சேர்ந்து வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன காரணம் என் மகள் ஆரணி. மொன்றியல் தீவின் மேற்கு முனையில் விவசாயம் படித்தபோது கெவின் என்ற பையனைச் சந்தித்தாள். அவனுடைய குடும்பத்துக்கு அந்தக் கவுண்டியில் பால் பண்ணை. கலியாணம் முடிந்து மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறாள். முதல் பிள்ளை. வைகாசி முதல் கிழமைதான் நாள் என்று சொல்லியிருந்தார்கள்.

எனக்கு ஆரணி பிறந்தபோது என் அம்மாவுக்கு விசா கொடுக்கவில்லை. என்னவருக்கு அன்று இரவு வேலை. பிரசவ அறையில் எல்லோரும் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக் கத்தினார்கள், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் அம்மா, அம்மா என்று கத்தினேன், அது அவர்களுக்கு விளங்கவில்லை. என் பிள்ளை பெறும்போது நான் பக்கத்தில் நிற்பேன் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். இந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மாசியிலேயே பயம் தொடங்கிவிட்டது. கோயிலில் கண்டவர்கள் எல்லாம் எல்லையில் திருப்பி அனுப்பப்பட்ட யாரோ ஒருவரின் கதையை வைத்திருந்தார்கள். மொன்றியல் டொலார்ட் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இருக்கும் குமார் அண்ணை, எந்தப் படிவத்தையும் எப்படி நிரப்புவது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவர், என்னை இருத்திவைத்து வகுப்பே எடுத்தார்.

"பிள்ளை பாக்கப் போறன் எண்டு மட்டும் வாய் திறந்திடாதை தங்கச்சி. அதை அவங்கள் வேலை எண்டு எடுப்பாங்கள். நீ கார்டரியில வேலை செய்யிறனீ வேறை. சுத்திப் பாக்கப் போறம், மூண்டு நாள், அவ்வளவுதான்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பதினேழு வருடமாக கார்டரியில், அதுதான் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில், ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். நித்திரை போய்விட்டது. சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றால், எதைப் பார்க்க என்று கேட்பார்களே? அதனால் ஓ லெவல் சோதனைக்குப் படிப்பதுபோல் ஒரு கொப்பி வாங்கி, பிராங்க்ளின் கவுண்டியைப் பாடமாக்கத் தொடங்கினேன்.

வடக்குப் பாதி தட்டையான வயல்நிலம், சென் லோறன்ஸ் சமவெளியின் தொடர்ச்சி. தெற்குப் பாதி அடிரோண்டாக் மலை, காடு, ஏரிகள். தலைநகர் மலோன், நடுவால் ஓடுவது சாமன் ஆறு. வடமேற்கு மூலையில் அக்விசாஸ்னே, மோஹோக் மக்களின் நிலம். இரண்டு நாடுகளின் எல்லைக்கோடு அதற்கு மேலால் போகிறது, கோட்டுக்கு முன்பே அவர்கள் அங்கே இருந்தவர்கள். வெள்ளைக்காரக் குடியேறிகள் முதலில் உருளைக்கிழங்கு மா ஆலைகள் வைத்தார்கள், பிறகு பியருக்குப் போடும் ஹாப்ஸ் நட்டார்கள், அதுவும் போய்ப் பால்மாடு வந்தது. தெற்கே சரனாக் லேக்கில் காசநோய்க்காரர்கள் மலைக்காற்றை நம்பி வந்து வராந்தாக்களில் படுத்துக் கிடந்தார்கள். என்னவர் சாப்பிடும்போதெல்லாம் கேள்வி கேட்க, நான் ஒப்பித்தேன். அவரையும் படிக்கச் சொன்னேன். "ஓம், பேந்து பாப்பம்" என்றார். அந்த மனிசனின் 'பேந்து' என்றால் ஒருநாளும் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

சித்திரைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9:05க்குக் கெவின் அழைத்தான். ஆரணிக்கு விடியப்புறமே தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டதாம், மலோன் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்களாம். சொன்ன நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நல்ல வேளை, பெட்டிகள் கட்டியபடியே கிடந்தன. பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடையில் வாங்கி உறையவைத்த பால்சுறாவை ஐஸ்பெட்டியில் போட்டேன். பால் சுரக்க அதைவிட வேறு என்ன இருக்கிறது? பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூளை நானே வறுத்து இடித்து நான்கு பிளாஸ்டிக் பைகளில் கட்டி வைத்திருந்தேன். 9:40க்குக் கார் புறப்பட்டது.

வழி சுலபம். நெடுஞ்சாலை 13, பிறகு 20, மெர்சியே பாலம், அங்கிருந்து 138ஐப் பிடித்தால் கடைசிவரை அதுதான். ஓர்ம்ஸ்டவுன், ஹன்டிங்டன், பிறகு ட்ரவுட் ரிவர் எல்லை. எங்கள் வீட்டில் இருந்து 96 கிலோமீட்டர், எங்கும் கட்டணம் இல்லை. மேற்கே 30 வழியாகப் போனால் ஒரு பாலத்தில் காசு வாங்குவார்கள். வயல்களில் பாதி பனி, பாதி தண்ணீர். நான் ஒன்றையும் ரசிக்கவில்லை. கொப்பியை மடியில் வைத்து ஹாப்ஸ், மா ஆலை, ஹாப்ஸ், மா ஆலை என்று முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

11:15க்கு எல்லை. எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு பால் லொறி. யன்னலில் நரைத் தாடிக்காரர் ஒருவர். எங்கே போகிறீர்கள், எதற்கு என்று என்னவரைத்தான் கேட்டார். நான் குறுக்கே சாய்ந்து, சுற்றிப் பார்க்க, மூன்று நாள் என்றேன். எதைப் பார்க்க என்றார். இதற்குத்தானே இரண்டு மாதம் படித்தேன்! நீர்வீழ்ச்சி, சரனாக் லேக், மோஹோக் வரலாறு, ஹாப்ஸ் விளைந்த நிலங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். மா ஆலைகளையும் விடவில்லை.

அவர், தான் பிறந்து வளர்ந்தது இந்தக் கவுண்டியில்தான் என்றும், சித்திரையில் இங்கே சேறு மட்டும்தான் இருக்கும், ஒருவரும் சுற்றிப் பார்க்க வருவதில்லை என்றும் மரியாதையாகச் சொன்னார். எங்கே தங்குகிறீர்கள் என்றார். ஹோட்டல் என்றேன். எந்த ஹோட்டல்? அதை நான் பாடமாக்கவில்லை.

பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். சுறா. நான்கு பை மண்நிறத் தூள். குழந்தைச் சட்டைகள். மூன்று நாள் சுற்றுலாவுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, உள்ளே வந்து இருக்கச் சொன்னார். கைப்பேசிகளை மேசையில் வைக்கச் சொன்னார். தூளை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த அறையில் ஆறு கதிரை, ஒரு மணிக்கூடு. நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். பொய் சொன்னதற்கு ஐந்து வருடம் தடை போடுவார்கள் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஐந்து வருடம் என்றால் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். அங்கே என் பிள்ளை என்ன பாடு படுகிறாளோ? இங்கே நான் கைகட்டி இருக்கிறேன், அதுவும் என் வாயால். என்னவரைக் கிள்ளி, மூண்டு நாள் எண்டு சொல்லுங்கோ என்று காதில் சொன்னேன். 12:10க்கு அவரைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

12:25க்கு என்னை. தாடிக்காரர் முன்னால் இருந்தார். உங்கள் கணவர் முப்பத்தொரு நாள் என்கிறார், நீங்கள் மூன்று என்றீர்கள், எது சரி என்றார். என் வாய் தன்பாட்டில் சரனாக் லேக் என்று தொடங்கியது, சத்தியமாகச் சொல்கிறேன், நான் தொடங்கவில்லை. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அதோடு என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன். என் மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, இன்றைக்கு, இப்போது, பக்கத்தில் நிற்க வேண்டும், முப்பத்தொரு நாள் பிள்ளை பெற்ற துடக்குக் கழியும்வரை சமைத்துக் கொடுக்க வேண்டும், நீங்கள் அதை வேலை என்பீர்கள் என்று பயந்து பொய் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன்.

அதற்குச் சம்பளம் தருவார்களா என்று கேட்டார். சம்பளமா, நான்தான் அவர்களுக்குக் காசு கொடுத்துவிட்டு வருவேன் என்றேன். முதல் முறையாக அவர் தாடிக்குள் ஒரு சிரிப்பு அசைந்தது. மகள் எங்கே இருக்கிறாள் என்றார். சொன்னேன். பண்ணையின் பெயரைக் கேட்டதும் அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். கெவினின் அப்பாவும் அவரும் ஒரே தீயணைப்புத் தொண்டர் குழுவாம். எண்ணைப் பார்க்காமலே பண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார், ம் ம் என்றார். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்து நின்று எனக்குக் கை தந்தார்.

"வாழ்த்துக்கள் அம்மா. பெண் குழந்தை. பத்து நிமிடத்துக்கு முந்தித்தான் பிறந்ததாம். இரண்டு பேரும் நல்ல சுகம்."

என் பேத்தி பிறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அவர்தான். சந்தோசப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுத்து வேலைகள் முடிந்து, தூளும் சுறாவும் திரும்பி வந்து, 12:55க்கு எங்களை விட்டார்கள்.

எல்லையில் இருந்து மலோன் 16 கிலோமீட்டர், பதினெட்டு நிமிடம். கொப்பியில் எழுதிய எல்லாம் வெளியே அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, தட்டை வயல், தூரத்தில் நீலமாக மலை. நான் என்னவரிடம் சண்டைக்குப் போனேன், ஏன் சொன்னபடி சொல்லவில்லை என்று. அவர் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "நீ படிச்சனீ. நான் படிக்கேல்லை. அதால உண்மையைச் சொன்னனான்."

ஆஸ்பத்திரியில் ஆரணி களைத்துக் கிடந்தாள். குழந்தையை என் கையில் தந்தாள். தந்துவிட்டுக் கேட்டாள், கோபமாகக்கூட இல்லை: "எங்கையம்மா நிண்டனீங்கள்? நான் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தன்." எல்லையில் சனம் அதிகம் என்றேன். அன்றைக்கு மறுபடியும் ஒரு பொய். நாலாம் நாள்தான் அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

அந்த முப்பத்தொரு நாளில் கண்ட பிராங்க்ளின் கவுண்டி கொப்பியில் இல்லாதது. சனம் மிகக் குறைவு, ஆனால் நாங்கள் வந்தது இரண்டு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாசலில் யார் வைத்தது என்று தெரியாமல் சாப்பாட்டுத் தட்டுகள் வந்து நிற்கும், கூடுதலாக மக்கரோனி. கைப்பட எழுதிய துண்டில் சூடாக்கும் முறை இருக்கும். காரும் மின்சாரமும் வேண்டாம் என்று வாழும் ஆமிஷ் குடும்பங்கள் குதிரை வண்டியில் போவார்கள், அவர்களின் பெண்கள் சனிக்கிழமைகளில் வீட்டில் சுட்ட பாணும் முட்டையும் விற்பார்கள், ஒரு டசின் முட்டை மூன்றரை டொலர். மலோன் ஓரத்தில் சிறைச்சாலைகள் இருக்கின்றன, பண்ணை கைவிட்டவர்களுக்கு அங்கேதான் வேலை. அதைப் பெருமையாகவும் சொல்வதில்லை, மறைப்பதும் இல்லை. பண்ணைகள் ஒவ்வொன்றாக விற்கப்படுவதைக் கெவினின் அப்பா கறவை நேரத்தில் சொல்வார். தன்னுடையது எத்தனை வருடம் நிற்கும் என்ற பயம் அவர் கண்ணில் தெரியும். பயப்படுகிறவரைப் பயப்படுகிறவளுக்குத் தெரியும்தானே. பத்தொன்பதாம் நாள் நீர்வீழ்ச்சி பார்க்கக் கூட்டிப் போனார்கள். ஷாட்டகே என்ற ஊரில், 120 அடி. எங்கள் பக்கத்து ஷாத்தோகேயின் பெயர்தான், அவர்கள் தங்கள் பாட்டுக்கு உச்சரிக்கிறார்கள். நான் சொன்ன இடங்களில் உண்மையில் பார்த்தது அது ஒன்றுதான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சித்திரையில் போனால் முழங்கால்வரை சப்பாத்து வேண்டும், சேறு விளையாட்டில்லை. பயணக் காப்புறுதி எடுங்கள், எங்கள் இருவருக்கும் முப்பத்தொரு நாளுக்கு 287 டொலர் வந்தது, கெபெக் மருத்துவ அட்டையை நம்பிப் போகாதீர்கள். பின்னேரங்களில் மான் குறுக்கே பாயும், குதிரை வண்டியும் வரும், மெதுவாக ஓட்டுங்கள். பெற்றோல் அங்கே மலிவு, திரும்பும்போது நிரப்புங்கள். பச்சை இலை, பழம் கொண்டுபோக வேண்டாம். தூள் வகைகளைக் கடையில் பெயர் ஒட்டிய பையில் வாங்குங்கள், அல்லது என்ன போட்டீர்கள் என்று எழுதி ஒட்டுங்கள். மகளோ மகனோ எழுதிய கடிதமும் தொலைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும்.

உங்களுக்கு நாங்கள் பெற்ற அதே பதில்தான் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. வேறு நாளில் வேறு ஆள் இருந்திருந்தால் எங்களைத் திருப்பியும் அனுப்பியிருக்கலாம், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஆனால் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால், மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, பக்கத்தில் நிற்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல ஐந்து விநாடி போதும். எனக்கு ஒரு மணி பத்து நிமிடம் எடுத்தது, அதற்குள் அவள் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே பெற்று முடித்துவிட்டாள்.