கம்ப்யூட்டர் கேட்ட பெயர்

டெல்லியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பல வருடங்கள் ஆயாவாக இருந்தேன். எனக்குக் கூச்சம் அதிகம். எல்லோருக்கும் நான் ஆயாம்மாதான். என் பெயரை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போயிருந்தேன். படம் வரைந்து, அதற்கு ஒரு பெயர் போட்டு சேவ் செய்தால்தான் பிரிண்ட் எடுக்க முடியும் என்றார் டீச்சர். தியா என்ற குட்டி, கேட்டைத் திறந்துவிடும் என்னை வரைந்திருந்தாள்.

“ஆயாம்மா, உங்க பேர் என்ன? ஜல்தி சொல்லுங்க, பெல் அடிச்சா படம் போயிடும்!”

அவள் காதில் மட்டும் மெதுவாகச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் தங்கள் பெயரைப் போட, அவள் என் பெயரைப் போட்டு சேவ் செய்தாள்.

கம்ப்யூட்டரில் இருந்த பெயர்களைப் படித்துப் படித்து டீச்சர் தாள்களைக் கொடுத்தார். “அஞ்சலை! யாருப்பா அஞ்சலை? நம்ம கிளாஸ்ல அப்படி யாரும் இல்லையே!”

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கதவோரம் ஒதுங்கினேன். தியா சிரிக்கவில்லை. உதடு பிதுங்க என்னையே பார்த்தாள். நான் போய் வாங்காவிட்டால் அவள் ஆசையாய் வரைந்தது குப்பைக்குத்தான் போகும்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்ற பிறகு, எந்த வகுப்பறையிலும் யாரும் என் பெயரைக் கூப்பிட்டதில்லை. என்னை அறியாமல் கை உயர்ந்தது.

“உள்ளேன் டீச்சர்.”

அந்தப் படம் இன்றும் என் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது. இப்போதெல்லாம் யார் பெயர் கேட்டாலும் சத்தமாகவே சொல்கிறேன்.